பத்தொன்பது வயது ஃப்ளைட் இன்ஜினியர்: லிங்கனிலிருந்து டூர்ன்பாக் வரை

வெள்ளி, லிங்கன்

இங்கிலாந்தின் லிங்கன் ஊருக்குள் நுழைவதற்கு வெகு முன்பே அதன் தேவாலயம் தெரிந்துவிடுகிறது. சுற்றிலும் உருளைக்கிழங்கும் கோதுமையும் விளையும் தட்டை நிலம், நடுவில் ஒரே ஒரு குன்று, அதன் உச்சியில் தேவாலயம். இரண்டாம் உலகப் போரில் இந்தத் தட்டை நிலத்தைப் பார்த்துத்தான் விமானப் படைக்காரர்கள் கண் வைத்தார்கள். ஓடுபாதை போட இடம் தேடி அலைய வேண்டாம், ஜெர்மனிக்கு நேர் எதிரே கடலோரம். மாவட்டம் முழுக்கக் குண்டுவீச்சு விமானத் தளங்கள் முளைத்தன. ஜெர்மனிக்குப் போய்விட்டு விடிகாலையில் திரும்பும் பையன்களுக்கு, ‘வீடு வந்துவிட்டது’ என்பதற்கு இந்தக் கோபுரங்கள்தான் அடையாளம்.

நாட்டிங்காமில் இருக்கும் என் மைத்துனர் காரில் அழைத்து வந்தார். என் மனைவி வரவில்லை. “கல்லறை பார்ப்பதற்கா இத்தனை ஆயிரம் மைல் பறந்து வந்தீர்கள்?” என்று கேட்டுவிட்டுத் தம்பி மகளோடு கடைவீதிக்குப் போய்விட்டாள். நியாயமான கேள்விதான். தொழிற்பயிற்சி நிலையத்தில் டீசல் மெக்கானிக் பிரிவில் பாடம் சொல்லிக் கொடுத்தே தலை நரைத்தவன் நான். என்னிடம் படித்தவர்கள் எல்லாரும் பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள். அந்த வயதில் இன்ஜினைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்து, அந்த வேலையிலேயே இறந்துபோன ஒருவனைப் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து, அவன் தடத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

அவன் பெயர் கிறிஸ்டோபர் பேன்டன். பிரிட்டிஷ் விமானப் படையின் குண்டுவீச்சுப் பிரிவில் ஃப்ளைட் இன்ஜினியர். 1944 மார்ச் 30 இரவு நியூரம்பர்க்கை நோக்கிக் கிளம்பிய ஹாலிஃபாக்ஸ் விமானம் ஒன்றில் இருந்தான். அந்த விமானம் திரும்பவில்லை.

லிங்கனுக்குத் தெற்கே, தேவாலயத்தைப் பள்ளத்தாக்குக்கு அப்பால் பார்த்தபடி இன்னொரு குன்று. அங்கே குண்டுவீச்சுப் படையினருக்கான நினைவகம் இருக்கிறது. துருப்பிடித்த நிறத்தில் எஃகுக் கோபுரம் ஒன்று நிற்கிறது. உயரம் 31 மீட்டர். லங்காஸ்டர் என்ற குண்டுவீச்சு விமானத்தின் ஒரு சிறகு நுனியிலிருந்து மறு நுனி வரை அளந்தால் வரும் நீளம் அது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோதுதான் அந்த விமானம் எவ்வளவு பெரியது என்பது உறைத்தது. கோபுரத்தைச் சுற்றி எஃகுச் சுவர்கள். அவற்றில் ஏறக்குறைய 58,000 பெயர்கள். எழுத்துகளைச் செதுக்கவில்லை, தகட்டை ஊடுருவி வெட்டியிருக்கிறார்கள். அதனால் வெயில் அடித்தால் பெயர்களின் வழியாக வெளிச்சம் வருகிறது. வேலைப்பாடு என்றால் இதுதான் வேலைப்பாடு. சும்மா பளிங்கில் பொன்னெழுத்து பூசவில்லை.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். குண்டுவீச்சுப் படையில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். அவர்களில் இறந்தவர்கள் 55,573 பேர். நூற்றுக்கு நாற்பத்து நான்கு. அத்தனை பேரும் பறப்பதற்குத் தாமாக முன்வந்து பெயர் கொடுத்தவர்கள். முப்பது முறை போய் வந்தால் ஒரு சுற்று முடியும், கொஞ்ச நாள் ஓய்வு உண்டு. அந்த முப்பதை முடிப்பவர்கள் எத்தனை பேர் என்பது சாப்பாட்டு மேசையில் காலியாகும் நாற்காலிகளைப் பார்த்தே அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பேன்டன் பெயரைக் கண்டுபிடித்தோம். மைத்துனர் விரலை அந்த எழுத்துகளின் மேல் ஓட்டினார். “அத்தான், இந்தப் பக்கம் பாருங்கள், ஒரே குடும்பப் பெயரில் எத்தனை பேர்!” என்றார். அண்ணன் தம்பிகளாகவும் இருக்கலாம், சம்பந்தமே இல்லாதவர்களாகவும் இருக்கலாம். சுவரில் அதற்கெல்லாம் விளக்கம் கிடையாது.

சனி, ஈஸ்ட் கிர்க்பி

இன்றுதான் நான் வந்ததற்கான நாள்.

லிங்கனிலிருந்து கிழக்கே, ஒரு டிராக்டர் முன்னால் போனால் அதன் பின்னாலேயே ஊர்ந்து போக வேண்டிய சாலைகளில் முக்கால் மணி நேரம். ஈஸ்ட் கிர்க்பி ஒரு சின்னக் கிராமம். 1943 ஆகஸ்டில் இங்கே விமானத் தளம் திறந்தார்கள். 57ஆம் படைப்பிரிவும் 630ஆம் படைப்பிரிவும் இங்கிருந்து லங்காஸ்டர்களை ஓட்டின. போர் முடிந்தபின் ஓடுபாதையை உழவர்களுக்கு விட்டுவிட்டார்கள். பிற்பாடு அதன் ஒரு பகுதியைக் கோழிப் பண்ணை வைக்க வாங்கியவர்கள் இரண்டு சகோதரர்கள்: ஃபிரெட் பேன்டன், ஹரால்ட் பேன்டன். கிறிஸ்டோபரின் தம்பிகள்.

அண்ணன் இறந்தபோது இருவரும் சிறுவர்கள். அந்தக் காலத்தில் இப்படிச் செய்தி வரும் விதம் ஒன்று இருந்தது. முதலில் ஒரு தந்தி: ‘காணவில்லை’. பிறகு தளபதியிடமிருந்து ஒரு கடிதம். பிறகு மாதக்கணக்கில் ஒன்றுமே இருக்காது. கைதியாகப் பிடிபட்டிருப்பானோ, எங்காவது ஒளிந்திருப்பானோ என்று குடும்பம் காத்துக் கிடக்கும். ஆறு மாதம் கழித்து, ‘இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறது’ என்று ஒரு தாள். காரியம் செய்ய உடல் கிடையாது, தேதி கூட உறுதி கிடையாது. நம் ஊரில் இப்படிப் போனவர்களுக்கு ஒரு போட்டோவையாவது சட்டம் போட்டு, சந்தன மாலை சாத்தி, சின்ன பல்பு எரியவிடுவோம். பேன்டன் வீட்டில் அதுவும் நடக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. அப்பா அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. ஜெர்மனியில் இருக்கும் கல்லறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று பிள்ளைகள் கேட்டபோதெல்லாம் வேண்டாம் என்றார். கால் நூற்றாண்டு போனது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், அவரே ஃபிரெட்டைக் கூப்பிட்டு, போய் அவன் கல்லறையைப் படம் எடுத்துக்கொண்டு வா என்றார்.

இந்தக் கதையை நான் முதலில் கேட்டபோது ஃபிரெட்டையோ ஹரால்டையோ விட அந்த அப்பாதான் மனதில் நின்றார். இருபத்தைந்து வருடம் வாயைத் திறக்காத மனிதன் கடைசியில் கேட்டது ஒரு போட்டோ. அவர் பேசாமல் இருந்ததைக் கல்நெஞ்சம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தம்பிகள் வேறு மாதிரி. அவர்களுக்குப் போட்டோ போதவில்லை. ஒரு முழு விமானம் வேண்டியிருந்தது.

1972இல் ஒரு லங்காஸ்டர் ஏலத்துக்கு வந்தது. பதிவு எண் என்.எக்ஸ்.611. 1945 ஏப்ரலில் பர்மிங்காம் பக்கத்தில் ஆஸ்டின் கார் தொழிற்சாலையில் கட்டியது. ஜப்பான் மீது பறக்க வேண்டிய விமானம். அதற்குள் போர் முடிந்துவிட்டது. பிரெஞ்சுக் கடற்படை வாங்கிக் கடல் கண்காணிப்புக்கு ஓட்டியது, பசிபிக்கில் நியூ கலிடோனியா வரை கொண்டுபோனது. 1965இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் பறந்தே திரும்பி வந்தது. அந்த ஏலத்தில் சகோதரர்களுக்குக் கிடைக்கவில்லை. ஒரு பிரபு வாங்கிக்கொண்டார். லிங்கனுக்குப் பக்கத்தில் ஸ்கேம்ப்டன் தளத்தின் வாசலில் காவல் பொம்மையாக அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். சகோதரர்கள் விடவில்லை. 1983இல் வாங்கியே விட்டார்கள். 1988இல் ஈஸ்ட் கிர்க்பிக்குக் கொண்டுவந்தார்கள். கோழிப் பண்ணை வைத்த நிலத்தில் கொட்டகை போட்டு நிறுத்தி, பழைய கட்டுப்பாட்டுக் கோபுரத்தைச் சரி செய்து, அருங்காட்சியகமாக்கி, அண்ணன் பெயருக்கும் திரும்பாத மற்றவர்களுக்கும் அர்ப்பணித்தார்கள்.

ஒரு மெக்கானிக்காக இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அண்ணன் பறந்தது லங்காஸ்டரில் இல்லை, ஹாலிஃபாக்ஸில். இரண்டும் நான்கு இன்ஜின், ஏழு பேர் என்றாலும் வேறு வேறு வண்டிகள். கிறிஸ்டோபர் கவனித்துக்கொண்டது ஹெர்குலிஸ் இன்ஜின்: நட்சத்திர வடிவில் 14 சிலிண்டர், காற்றுக் குளிர்ச்சி, வால்வுக்குப் பதில் ஸ்லீவ். இங்கே இருப்பது மெர்லின்: வி-12, 27 லிட்டர், தண்ணீர்க் குளிர்ச்சி. ஆனால் ஹாலிஃபாக்ஸ் கிடைத்தால்தானே வாங்க முடியும்? ஆறாயிரத்துக்கும் மேல் கட்டிய அந்த விமானங்களைப் போர் முடிந்ததும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். இன்று உலகில் மிஞ்சியவை விரல் விட்டு எண்ணக் கூடியவை. அவையும் ஏரிக்கடியிலிருந்து தூக்கியது, துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது என்றுதான் கதை. கிடைத்ததை வாங்கினார்கள். தப்பில்லை.

உள்ளே ஏறிப் பார்க்க விட்டார்கள். வெளியிலிருந்து பார்க்கும்போது தெரியும் பிரம்மாண்டம் உள்ளே நுழைந்ததும் போய்விடுகிறது. நிமிர முடியாது. நடுவில் சிறகுகளைத் தாங்கும் பெரிய உத்தரம் இடுப்பளவுக்குக் குறுக்கே ஓடுகிறது. காலைத் தூக்கிப் போட்டு ஏறி மறுபக்கம் குதிக்க வேண்டும். எனக்கு முழங்கால் இரண்டும் முனகின. கனமான கம்பளிச் சட்டையும் பாராசூட் பட்டைகளும் பூட்ஸும் போட்டுக்கொண்டு, இருட்டில், விமானம் தீப்பற்றிச் சுழலும்போது இதைத் தாண்டுவதை நினைத்துப் பார்த்தேன்.

முன்னால் போனால் விமானியின் வலதுபக்கம் ஃப்ளைட் இன்ஜினியரின் இடம். இருக்கை என்று சொல்வது பெரிய வார்த்தை. மடக்கி நிமிர்த்தும் ஒரு பலகை, முதுகுக்கு ஒரு பட்டை. யாராவது மூக்குப் பகுதிக்குப் போக வேண்டுமென்றால் எழுந்து வழி விட வேண்டும். வலப்பக்கச் சுவரில் அவனுடைய பலகம்: நான்கு இன்ஜினுக்கும் ஆயில் அழுத்தம், ஆயில் சூடு, குளிர்நீர்ச் சூடு, எரிபொருள் அளவு. கீழே எந்த டாங்கிலிருந்து எந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் போக வேண்டும் என்று திருப்பும் காக்குகள். புறப்படும்போது விமானியின் கைக்குப் பின்னால் தன் கையை வைத்து நான்கு த்ராட்டில்களையும் முன்னே தள்ளிப் பிடிப்பது, நான்கு இன்ஜினும் ஒரே சுருதியில் ஓடும்படி வேகத்தைச் சரி செய்வது, குறித்த இடைவெளியில் அத்தனை அளவுகளையும் பதிவேட்டில் எழுதுவது, டாங்க் ஓட்டையானால் மிச்ச பெட்ரோலில் வீடு போய்ச் சேர முடியுமா என்று கணக்குப் போட்டுச் சொல்வது, எல்லாம் அவன் வேலை. எட்டு மணி நேரம், இருட்டில், எலும்பு உறையும் குளிரில், கீழிருந்து சுட்டுக்கொண்டிருக்கும்போது.

தெற்கு வேல்ஸில் செயின்ட் ஏதன் என்ற இடத்தில்தான் இந்தப் பையன்களுக்குப் பயிற்சி. வகுப்பறை, பாடநூல், வெட்டி வைத்த இன்ஜின் மாதிரிகள். பயிற்சி முடிந்து பெரிய விமானத் தளத்துக்குப் போகும் வரை வானத்தில் ஏறியே பார்க்காதவர்கள் பலர். கனடாவின் படைப்பிரிவுகளில் விமானியும் சுடுபவர்களும் கனடாக்காரர்களாக இருந்தாலும், ஃப்ளைட் இன்ஜினியர் மட்டும் பெரும்பாலும் பிரிட்டிஷ் பையனாக இருப்பான். அந்தப் பயிற்சி இங்கேதான் கிடைத்தது. கிறிஸ்டோபரும் அப்படித்தான் யார்க்ஷயரில் ஸ்கிப்டன்-ஆன்-ஸ்வேல் தளத்தில், கனடாவின் 433ஆம் படைப்பிரிவில் சேர்ந்தான்.

என் பையன்களில் ஃபீட் பம்பைக் கழற்றினால் திரும்பப் பூட்டத் தெரியாமல் விழித்தவர்கள் உண்டு. ஷெட்டுக்கு வெளியே நின்றே, ‘மூன்றாவது இன்ஜெக்டர் சரியில்லை சார்’ என்று காதாலேயே சொன்னவர்களும் உண்டு. பத்தொன்பது வயதில் காது கூர்மை. இவன் எந்த வகை என்று யோசித்துக்கொண்டே இறங்கினேன்.

மதியம் இன்ஜின்களை ஓடவிட்டார்கள். இந்த விமானம் இன்னும் பறப்பதில்லை. பறக்க வைக்க வருடக்கணக்காகப் பாகம் பாகமாகப் பிரித்துச் சரிசெய்து வருகிறார்கள். ஆனால் நான்கு இன்ஜினையும் முடுக்கி, ஆட்களை ஏற்றிக்கொண்டு தரையில் ஓடும். மூக்கில் ‘ஜஸ்ட் ஜேன்’ என்று எழுதி ஒரு பெண்ணின் படம், போர்க்காலத்தில் செய்தித்தாளில் வந்த சித்திரத் தொடரின் நாயகி. புல்வெளியில் வேலிக்குப் பின்னால் நின்றோம். முதல் இன்ஜினின் புரொபெல்லர் தயங்கித் தயங்கி இரண்டு சுற்று சுற்றியது. ஒரு இருமல். புகைபோக்கிக் குழாய்களிலிருந்து நீலப் புகை. அப்புறம் பிடித்துக்கொண்டது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. நான்கும் சேர்ந்தபோது சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்சுக்கூட்டில் கேட்டது. பக்கத்தில் நின்ற குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தன. நான் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு சிலிண்டர் தவறுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். தவறவில்லை. பராமரிக்கிறவர்களுக்கு ஒரு கும்பிடு.

அப்பா பேசவே விடாத விஷயத்தைப் பிள்ளைகள் நான்கு மெர்லின் வைத்துப் பேசியிருக்கிறார்கள்.

ஞாயிறு, உட்ஹால் ஸ்பா

அரை நாள்தான். ஜெர்மனியின் அணைகளை உடைக்கப் போன 617ஆம் படைப்பிரிவு பிற்பாடு இந்த ஊரில் இருந்தது. அதிகாரிகள் தங்கிய மாளிகை இப்போது ஓட்டல். டீ நன்றாக இருந்தது. 1943 மே மாதம் 19 விமானங்கள் போய் 8 திரும்பவில்லை, 53 பேர் இறந்தார்கள் என்பதை இங்கே எல்லாரும் ஒப்பிப்பார்கள். உடைந்த அணையின் வெள்ளத்தில் சுமார் 1,300 பேர் மூழ்கியதையும், அவர்களில் பெரும்பகுதி ஜெர்மானியர் பிடித்து வந்து வேலை வாங்கிய வெளிநாட்டுக் கூலிகள் என்பதையும் அவ்வளவு பேர் சொல்வதில்லை.

இதே ஊரில் அதற்கு முன் இருந்த பிரிவின் பெயரைப் பார்த்து நிமிர்ந்தேன்: 97ஆம் ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் படைப்பிரிவு. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர். காலனிகள் விமானச் செலவுக்குப் பணம் கொடுத்தால் படைப்பிரிவுக்கு அந்தப் பெயரைச் சூட்டிவிடுவார்கள். நம் பெயரும் உண்டு: 35ஆம் மெட்ராஸ் பிரசிடென்சி படைப்பிரிவு. ஹாலிஃபாக்ஸைப் போருக்குக் கொண்டுபோன முதல் பிரிவே அதுதான், 1941 மார்ச்சில். “அப்படியென்றால் பெர்லினில் விழுந்த குண்டில் நம் வரிப்பணமும் இருந்திருக்கும்” என்றார் மைத்துனர். “இருந்திருக்கும் மாப்பிள்ளை. நம்மைக் கேட்டா எடுத்தார்கள்?” என்றேன்.

திங்கள் முழுக்கப் பயணம். மான்செஸ்டரிலிருந்து முனிச். சொல்ல ஒன்றுமில்லை.

செவ்வாய், நியூரம்பர்க்

முனிச்சிலிருந்து மண்டல ரயில். பயர்ன் டிக்கெட் என்று ஒன்று வாங்கினால் பவேரியா மாநிலம் முழுக்க ஒரு நாள் சுற்றலாம். வார நாட்களில் காலை ஒன்பது மணிக்கு மேல்தான் செல்லும்.

அந்த இரவில் என்ன நடந்தது என்று இங்கே நின்று யோசித்தால் இன்னும் கோபம் வருகிறது. 795 விமானங்களை அனுப்பினார்கள். நிலா இருந்த இரவு. மேகம் மறைக்கும் என்று முதலில் சொன்னார்கள். வேவு பார்க்கப் போன விமானம் வந்து, மேகம் இருக்காது என்றது. ஆனாலும் நிறுத்தவில்லை. பெல்ஜியத்திலிருந்து ஜெர்மனியின் நடுப்பகுதி வரை நானூறு கிலோமீட்டருக்கு மேல் வளையாமல் நேர்கோட்டில் ஒரு பாதை, இரவுப் போர்விமானங்கள் கூடும் இடங்களுக்குப் பக்கமாகவே. குளிரில் ஒவ்வொரு விமானத்துக்குப் பின்னாலும் வெள்ளைக் கோடு விழுந்தது. வேட்டைக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? ஜெர்மன் விமானங்கள் அடிவயிற்றுக்குக் கீழே வந்து, மேல்நோக்கிப் பொருத்திய துப்பாக்கியால் சிறகில் இருந்த பெட்ரோல் டாங்கைச் சுட்டன. சுடப்பட்டவர்களுக்கு யார் சுட்டது என்றே தெரியாது. 64 லங்காஸ்டர், 31 ஹாலிஃபாக்ஸ் திரும்பவில்லை. ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே இரவில் இறந்தார்கள். அந்தப் படை ஒரே இரவில் இழந்ததில் இதுதான் மிக அதிகம். இத்தனைக்கும் காற்றின் கணக்குத் தவறி, பல விமானங்கள் வேறொரு ஊரின் மேல் குண்டு போட்டன. நியூரம்பர்க் ஏறக்குறைய தப்பித்தது.

ஏறக்குறைய, அந்த முறை. 1945 ஜனவரி 2 இரவு மறுபடி வந்தார்கள். அன்று வானிலையும் கணக்கும் பொருந்தின. பழைய நகரம் அநேகமாக முழுவதும் அழிந்தது. ஆயிரத்து எண்ணூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

புனித செபால்டு தேவாலயத்துக்குள் அந்த அழிவின் புகைப்படங்களை மாட்டி வைத்திருக்கிறார்கள். நான் நின்றுகொண்டிருந்த இடத்துக்கு மேலே அந்தப் படத்தில் கூரை இல்லை. தூண்களுக்கு நடுவே வானம். நிமிர்ந்து பார்த்தேன், இப்போது வளைவுகள் எல்லாம் புதிதாகக் கட்டி, எப்போதும் அப்படியே இருந்ததுபோல் இருக்கின்றன. கோட்டைக் குன்றுக்கு அடியில் பாறையைக் குடைந்த பழைய பீர் நிலவறைகள் உண்டு. ஒரு பகுதியில் நகரத்தின் கலைப்பொருள்களைப் பத்திரப்படுத்தினார்கள். மற்றவற்றில் மக்கள் பதுங்கினார்கள். மேலே எரியும்போது கீழே காத்திருந்தவர்களில் கிறிஸ்டோபர் வயதுப் பையன்கள் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள். அவர்களை ஏற்கெனவே வேறு முனைகளுக்கு அனுப்பியாகிவிட்டது. கிழவர்கள், பெண்கள், பிள்ளைகள்.

நாஜிக் கட்சி மாநாடு நடத்திய ஊர், டாங்கி கட்டிய ஊர் என்று குறி வைத்ததற்குக் காரணங்கள் இருந்தன. டாங்கி கட்டிய கம்பெனி எம்.ஏ.என். அதன் கடைசி எழுத்தே நியூரம்பர்க்தான். நடு எழுத்தான ஆக்ஸ்பர்க் ஊரில்தான் ருடால்ஃப் டீசல் தன் முதல் இன்ஜினை ஓட வைத்தார். நான் முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிய பெயர். அந்தப் பட்டறைகளை நோக்கித்தான் அந்தப் பையன் பெட்ரோல் காக்குகளைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறான். ஒரு குடும்பத்தின் பிள்ளை என்று பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது. அவன் சுமந்து வந்தது எந்தக் கூரையில் விழுந்திருக்கும் என்று பார்க்கும்போது அந்தக் கனம் குறைவதும் இல்லை, நியாயமாவதும் இல்லை. ஈஸ்ட் கிர்க்பியை மட்டும் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தால் கதையில் பாதியைத்தான் பார்த்திருப்பேன்.

புதன், டூர்ன்பாக்

முனிச்சிலிருந்து தெற்கே டேகர்ன்ஸே ஏரிக்குப் போகும் ரயில். ஒரு மணி நேரத்தில் க்முண்ட். மலைக்குப் போகும் கூட்டம் பெட்டி நிறைய. கையில் ஊன்றுகோல், முதுகில் பை. நான் ஒருவன்தான் செருப்பு. கல்லறை அங்கிருந்து வடக்கே மூன்று கிலோமீட்டர். நடந்தேன். ஒருபக்கம் பசுக்கள் மேயும் சரிவு, கழுத்தில் மணி. தெற்கே ஆல்ப்ஸ்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிக்கும் இடம். ஏறக்குறைய 2,900 பேர் இங்கே இருக்கிறார்கள். பெரும்பாலும் விமானப் படையினர். பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் சுற்றுப் பகுதிகளிலும் விழுந்தவர்களை அந்தந்த ஊர் மக்களே தேவாலயத் தோட்டங்களிலும் வயல் ஓரங்களிலும் புதைத்திருந்தார்கள். போர் முடிந்ததும் தேடித் தோண்டி இங்கே சேர்த்தார்கள். வெள்ளைக் கற்கள், அடியில் ரோஜாவும் லாவண்டரும். ஒரு புல் கூட உயரம் மாறவில்லை.

கற்களுக்கு இடையே சாதாரணமாக ஓர் இடைவெளி இருக்கும். சில இடங்களில் நான்கைந்து கற்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. ஒரே விமானத்தில் இருந்து, யாருடைய எலும்பு எது என்று பிரிக்க முடியாமல் போனவர்கள். இதை யாரும் பலகை வைத்து விளக்கவில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

வாசலில் பித்தளைக் கதவுக்குள் பதிவேடு. அதைப் பார்த்து வரிசையைத் தேடிப் போனேன். வானத்தைப் பார்த்துப் பறக்கும் கழுகு முத்திரை, பெயர், 31 மார்ச் 1944, வயது 19. அவ்வளவுதான் நான் தேடி வந்தது. ஃபிரெட் இங்கே எங்கே நின்று படம் எடுத்திருப்பார் என்று பார்த்தேன். காலையில் வந்திருந்தால் வெளிச்சம் கல்லின் முகத்தில் விழுமா, பின்னால் விழுமா? அப்பாவிடம் காட்ட வேண்டிய படம், ஆடாமல் எடுத்திருக்க வேண்டும். ஃபிலிம் காலம். சரியாக வந்திருக்கிறதா என்று லிங்கன்ஷயர் போய்க் கழுவிப் பார்க்கும் வரை தெரியாது.

அப்புறம் வரிசை வரிசையாக நடந்தேன். பெயர்களை விட்டுவிட்டு வயதை மட்டும் படித்தேன். 21, 20, 23, 19, 22, 20. முப்பதைத் தொட்டவர்கள் வந்தால் ‘அட, பெரியவர்’ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

திரும்பலாம் என்று இருந்தபோதுதான் இந்தியப் பகுதியைப் பார்த்தேன். இதை நான் எதிர்பார்க்கவில்லை. பிரிக்கப்படாத இந்தியாவின் ராணுவத்தைச் சேர்ந்தவர்களின் கல்லறைகள். அவற்றோடு ஒரு நினைவுக் கல். அதில் 23 பேர். ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் போர்க் கைதிகளாக இருந்து இறந்து, தங்கள் சமய வழக்கப்படி எரியூட்டப்பட்டவர்கள். வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் இந்தக் குளிர் நாடுகளின் முகாம்களுக்கு வந்து சேர்ந்தார்கள். பிரான்ஸில் எபினால் என்ற ஊரில் இருந்த முகாமின் மேல் 1944 மே மாதம் அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டு விழுந்து, இந்தியக் கைதிகளே மாண்டார்கள். சுவர் உடைந்த வழியாக ஓடி, நடந்தே சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்தவர்கள் நூற்றுக்கணக்கானோர். குண்டு போட்டவர்களும் கைதிகளும் ஒரே அணி.

கிறிஸ்டோபருக்கு ஒரு ஃபிரெட் வந்தார். இந்த 23 பேரின் வீடுகளிலிருந்து யாராவது வந்து படம் எடுத்துப் போனார்களா என்று கேட்க அங்கே ஆள் இல்லை. நான் எடுத்தேன், ஒவ்வொரு பெயரும் படிக்கும்படி, ஆடாமல்.

இதைப் படிக்கிறவர்கள் யார் வீட்டிலாவது, ‘தாத்தாவின் அண்ணன் பட்டாளத்துக்குப் போனார், ஜெர்மனியிலோ எங்கேயோ செத்தார்’ என்ற ஒரு வரியோடு கதை நின்றிருந்தால், ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடுங்கள். கட்டணம் இல்லை. பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதிப் பார்க்க வேண்டியிருக்கும். படைப்பிரிவின் பெயரோ பட்டாள எண்ணோ தெரிந்தால் வேலை சுலபம். பழைய டிரங்குப் பெட்டியில் பதக்கம் இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்த பதக்கங்களில் எண்ணும் பெயரும் பெரும்பாலும் அங்கேதான் பொறித்திருக்கும்.